வில்லா சான் ஜொவான்னியில் நின்ற ரயில்

யன்னல் ஓரம் அப்பா. பக்கத்தில் அம்மா, மடியில் நீலப் பைல். அம்மாவுக்கு எதிரில் தம்பி, நாலு வயது. தம்பிக்கு இந்தப் பக்கம் நான், எட்டு வயது. அந்தப் பக்க யன்னலில் ஒரு இத்தாலியக் கிழவர், காலடியில் ஒரு பை சியாகுல்லி மந்தரின் தோடம்பழம். மிஞ்சின இருக்கையில் எங்கள் சாப்பாட்டுப் பை.

பலெர்மோவில் இருந்து ரோமுக்குப் போகிற பகல் ரயில். அப்பாவின் பாஸ்போட் முடியப் போகிறது. மறுநாள் காலையில் தூதரகத்தில் அவருக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். பாஸ்போட் இல்லாமல் பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குகிற அனுமதி, புதுப்பிக்க முடியாது. பெர்மெஸ்ஸோ இல்லாவிட்டால் வேலை இல்லை, வீடு இல்லை, நாங்கள் இந்த நாட்டில் இருக்கவே முடியாது. இவ்வளவும் எனக்குத் தெரியும். வீட்டில் வேறு கதை இருக்கவில்லை. பழைய பாஸ்போட், பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், கலியாணப் பதிவு எல்லாம் அந்த நீலப் பைலில். ஒன்றும் கொப்பி இல்லை. தொலைந்தால் யாழ்ப்பாணத்தில் அலைந்து திரும்ப எடுத்துத் தர எங்களுக்கு ஆள் இல்லை.

எனக்கு அப்போது ஒரு பழக்கம் இருந்தது. அம்மா மொண்டெல்லோவில் ஒரு சின்யோரா வீட்டில் துப்புரவு வேலை செய்தார். பள்ளிக்கூடம் விட்டு அங்கேதான் போவேன். குசினி மூலையில் ஒரு சின்ன டீவி. அதில் ஒரு ஜப்பான் கார்ட்டூன் போகும், இத்தாலியன் பேசும். என் வயதுப் பிள்ளை ஒருத்தி ரயில் ஓட்டுவாள். கையில் வெள்ளைக் கையுறை. புறப்பட முதல் விரலை நீட்டி, கண்டதை வாயால் சொல்லுவாள். சிக்னல் பச்சை. கதவு பூட்டு. நேரம் சரி. சொல்லி முடித்தால்தான் ரயில் நகரும். ஒரு நிமிடமும் பிந்தாது. நான் இத்தாலியன் படித்தது அவளிடம்தான். ஸ்டேஷன் ஒலிபெருக்கி மாதிரிப் பேசுகிறாய் என்று டீச்சர் சிரிப்பார்.

வீட்டிலும் செய்தேன். வலது கையில் பள்ளிக்கூட வெள்ளைச் சொக்ஸை மாட்டிக்கொண்டு விரலை நீட்டுவேன். கேஸ் பூட்டு. தண்ணி பூட்டு. கதவு பூட்டு. அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. ஒரு நாள் வுச்சீரியா சந்தையில் மீன்காரனைப் பார்த்து விரலை நீட்டிவிட்டேன். அவன் என்னவோ கத்தினான். அப்பா மூன்று தரம் மன்னிப்புக் கேட்டார். வெளியில் போனால் எங்களை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. அது அவருடைய சட்டம்.

ரயிலில் ஏற முதல் சொக்ஸை வாங்கித் தன் பையில் வைத்தார்.

“கோச்சியிலை இந்த விளையாட்டு வேண்டாம். சனம் பாக்கும்.”

ஆனபடியால் விரலை ஜாக்கெட் பொக்கற்றுக்குள் வைத்துச் செய்தேன்.

டிக்கெட் பார்க்க வந்தது ஒரு பெண். ரயிலுக்கு அவர்தான் பொறுப்பு, கப்போத்ரேனோ என்பார்கள். குட்டைத் தலைமயிர், கழுத்தில் விசில். நாலு நிமிடம் பிந்தி ஓடுகிறோம் என்று நான் அவரிடம் சொன்னேன். ஜப்பானில் ரயில் பிந்தாது என்றும் சொன்னேன்.

“இது ஜப்பான் இல்லை, ஜோயா,” என்றார். இந்த ஊரில் செல்லமாகப் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கிழவர், இந்தப் பிள்ளையை ரயிலுக்கு மந்திரியாகப் போடுங்கள், அப்போதாவது உருப்படும் என்றார். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மெஸ்ஸினாவில் எங்கள் தீவு முடிந்து கடல். ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுவார்கள். உள்ளே இருட்டு, எண்ணெய் மணம். தம்பி அழத் தொடங்கினான். மேலே போய் காற்றுப் பிடிப்பம் என்றார் அப்பா. கிழவர் தான் இருந்து பைகளைப் பார்ப்பதாகச் சொன்னார். அப்பா ஜாக்கெட்டைக் கொக்கியில் விட்டார். அம்மா பைலை மட்டும் விடவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார்.

மேலே அப்பா இரண்டு அரஞ்சினா வாங்கினார். பொரித்த சோற்று உருண்டை, உள்ளே இறைச்சி. எனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. அம்மாவும் அப்பாவும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தம்பி முகம், சட்டை, தலைமயிர் எல்லாம் குழம்பு பூசினான். அம்மா பைலைப் பக்கத்து வாங்கின் மேல் வைத்துவிட்டு அவனைத் துடைத்தார். ஒலிபெருக்கி கூப்பிட்டது. எல்லாரும் இரும்புப் படியால் இறங்கினோம்.

இருக்கையில் இருந்ததும் பொக்கற்றுக்குள் விரலை நீட்டினேன். அப்பா, இருக்கிறார். அம்மா, இருக்கிறார். தம்பி, இருக்கிறான். சாப்பாட்டுப் பை, இருக்கு. பைல்.

இரண்டு தரம் பார்த்தேன். சொன்னால் விரல் விளையாட்டு பிடிபடும். அடியும் விழலாம். விரலை வெளியே எடுத்தேன். அம்மாவின் மடிக்கு நேரே நீட்டினேன்.

“பைல் இல்லை.”

அம்மா மடியைத் தடவினார். “இஞ்சாருங்கோ,” என்றார். அப்பா எழும்பி ஓடினார். ஜாக்கெட் கொக்கியில் தொங்கியது. போன் அதற்குள் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பெட்டி குலுங்கியது. எங்களைக் கப்பலில் இருந்து வெளியே இழுத்தார்கள். வெளிச்சம் வந்தது. அப்பா வரவில்லை. எங்கே என்று கேட்டேன்.

“அப்பா அங்காலைப் பெட்டியிலை நிக்கிறார். பைல் கிடைச்சிட்டுதாம். நீ இரு.”

நம்பினேன். அம்மா பொய் சொல்லி நான் கண்டதில்லை. கிழவர் பகிடி விடுவதை நிறுத்திவிட்டு மந்தரின் உரித்துத் தரத் தொடங்கினார். நானும் தம்பியும் தின்றுகொண்டே இருந்தோம். தோல் மலையாகக் குவிந்தது.

வில்லா சான் ஜொவான்னி, அக்கரை ஸ்டேஷன். பெட்டிகளைத் திரும்ப ஒன்றோடு ஒன்று பூட்டினார்கள். ரயில் புறப்படப் போகிறது என்று ஒலிபெருக்கி சொன்னது. தம்பியைப் பார் என்று சொல்லிவிட்டு அம்மா எழும்பிப் போனார். நான் நடைவழியில் நின்று பார்த்தேன்.

கப்போத்ரேனோ கீழே கதவடியில் நின்றார். அம்மாவுக்குத் தெரிந்த இத்தாலியன் வீடு துடைக்கிற பத்துச் சொல். மருந்துக்கடையிலும் என்னைத்தான் கதைக்க விடுவார். அன்றைக்கு என்னைக் கூப்பிடவில்லை. எனக்குக் கோபம். அம்மா கையை முழுதாக நீட்டி விரலால் கப்பலைக் காட்டினார். பிறகு எங்கள் பெட்டியைக் காட்டினார். பிறகு இரண்டு கையையும் நெஞ்சில் அணைத்தார். கக்கூஸ் எங்கே என்று கேட்கிறாரோ என்று யோசித்தேன்.

அந்தப் பெண் மணிக்கூட்டைப் பார்த்தார். கப்பல் பக்கம் பார்த்தார். ஒரு காலைப் பிளாட்பாரத்தில் வைத்தார், மற்றக் காலைப் படியில் வைத்தார். அப்படியே நின்றார்.

பிளாட்பாரத்தில் பெரிய மணிக்கூடு. நேரம் வந்தது. நேரம் போனது. முன் பெட்டியில் ஒருவன் யன்னலால் தலையை விட்டு, இஞ்சினுக்கும் மத்தியான நித்திரையோ என்று கத்தினான். என்னால் பொறுக்க முடியவில்லை. கதவடிக்குப் போனேன். கார்ட்டூன் பிள்ளையின் குரலில், நல்ல இத்தாலியனில் சொன்னேன்.

“சின்யோரா, நேரம் போய்விட்டது. கதவை மூட வேண்டும்.”

அம்மா கண்ணை மூடினார்.

“தெரியும், ஜோயா. கதவிலே ஒரு பிழை. பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.”

நான் கதவைப் பார்த்தேன். விரல் நீட்டி, மேலே இருந்து கீழே வரைக்கும் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. இவ்வளவு பெரிய ரயிலை இந்த மாதிரி ஆளிடம் கொடுத்திருக்கிறார்களே என்று நினைத்தேன்.

அப்பா பிளாட்பாரத்தால் ஓடி வந்தார். சுவெட்டரோடு, இரண்டு கையாலும் பைலை நெஞ்சில் பிடித்தபடி. யன்னல்களில் எல்லாம் தலைகள். முழு ரயிலும் அவரைத்தான் பார்த்தது. அந்தப் பெண்ணுக்கு முன்னால் வந்து நின்று வாயைத் திறந்தார். அவர் அப்பாவின் முதுகில் கையை வைத்து, “ஏறுங்கள், ஏறுங்கள்,” என்று தள்ளினார். விசில் ஊதினார்.

அப்பா தண்ணி வாங்க இறங்கியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். தண்ணிப் போத்தலைக் காணவில்லை.

பைலை அரஞ்சினாக் கடைக்காரன் எடுத்துக் கப்பல்காரனிடம் கொடுத்திருக்கிறான், அவன் கொண்டுபோய்க் கந்தோரில் வைத்திருக்கிறான். அதை வாங்கி இறங்கும்போது கீழே தண்டவாளம் வெறுமையாகக் கிடந்ததாம். அப்பா அம்மாவிடம் இவ்வளவுதான் சொன்னார், எனக்கு அது அப்போது விளங்கவில்லை. அம்மா பைலைத் திறந்து பார்த்தார். மூடினார். சட்டைக்குள் வைக்க இடம் இருந்திருந்தால் வைத்திருப்பார்.

அப்பா என் பக்கம் திரும்பினார்.

“ரோமிலை இறங்கேக்கை எல்லாத்தையும் ஒருக்கால் விரல் நீட்டிப் பார்.”

சொக்ஸையும் எடுத்துத் தந்தார். எனக்கு வேறு என்ன வேண்டும். ரோம் வரும் வரைக்கும் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நடைவழியில் கப்போத்ரேனோ ஒரு தாளை யன்னலில் வைத்து என்னவோ எழுதிக்கொண்டிருந்தார். நல்லாய் வேணும் என்று நினைத்தேன்.

பாஸ்போட் கிடைத்தது. பெர்மெஸ்ஸோ கிடைத்தது. நாங்கள் இங்கேயே இருந்துவிட்டோம். எனக்குப் படிப்பு ஏறவில்லை. ஐந்து வருடமாகப் பலெர்மோ ஸ்டேஷனில் ரயில் பெட்டி துப்புரவாக்குகிறேன். வேலை முடிந்ததும் ஒவ்வொரு இருக்கைக்கும் விரல் நீட்டுவேன். பை இல்லை. போன் இல்லை. குடை இல்லை. கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். போனில் ஒரு வீடியோ வந்தது. ஜப்பானில் உண்மையான ரயில் ஓட்டுகிறவர்களும் வெள்ளைக் கையுறை போட்டு அப்படியேதான் விரல் நீட்டுகிறார்கள். கார்ட்டூன் பொய் சொல்லவில்லை. அதை அவர்களுக்குக் காட்டினேன். பிறகும் சிரித்தார்கள்.

போன மாதம் ஒரு வயதான கப்போத்ரேனோவோடு கோப்பி குடித்தேன். அன்று நடந்ததைச் சொன்னேன். ஒரு கப்போத்ரேனோ படியில் காலை வைத்து நின்றால் ரயில் நகராது என்றார். பிந்துகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் காரணம் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும், மேலிடம் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்றார். என்ன எழுதுவார்கள் என்று கேட்டேன். கதவு என்றுதான் எழுதுவோம் என்று சிரித்தார்.

அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. விசாரித்துப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அப்பாவும் நன்றி சொல்லவில்லை, மூச்சு வாங்க நேரம் இருக்கவில்லை. நான் அவரைக் குறை சொன்னேன். எத்தனை நிமிடம் நின்றார் என்று மட்டும் எனக்குத் தெரியும். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது நான்தான்.

ஏழு நிமிடம்.