வழிமொழிகிறவர்

மில்லின் ஸ்டோர்ஸ் கிளார்க்குக்கு ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவர் 'வழிமொழி' அண்ணன்தான்.

சங்கத் தேர்தலில் நாமினேஷன் தாளுக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். முன்மொழிகிறவன் நிற்பவனின் கூட்டாளியாக இருப்பான். வழிமொழிய யாராக இருந்தாலும் சரி. ஸ்டோர்ஸ் ஜன்னலுக்குப் பின்னால் அவர் எப்போதும் இருந்தார், சட்டைப்பையில் பேனாவும் இருந்தது. பேரிங் வாங்க வந்தவன் கையெழுத்தையும் சேர்த்து வாங்கிப் போனான்.

இந்த வருஷம் அவருக்கே நிற்கத் தோன்றியது. மனைவி போய்ச் சேர்ந்து எட்டு மாதம். பி.எஃப். தாளில் நாமினி என்ற இடத்தில் அவள் பெயரை அடித்தாயிற்று. பதிலுக்கு எழுத ஆள் இல்லை. அந்தத் தாளில் அவர் யாரையாவது சொல்ல வேண்டும். இந்தத் தாளில் யாராவது அவரைச் சொன்னால் போதும். செயற்குழு தினமும் ஆறு மணிக்குக் கூடி எட்டு வரை சண்டை போடும். அறைக்குப் போய்ச் சுவரைப் பார்ப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

கேண்டீன் மாஸ்டர் முன்மொழிந்தார். வழிமொழியத்தான் ஆள் அகப்படவில்லை.

"டாக்டருக்கே ஊசியாண்ணே?" என்று சிரித்தான் ஃபிட்டர். "யோசிச்சுச் சொல்றேன்." சொல்லவில்லை.

கடைசி நாள் மூன்று மணிக்குச் சங்கச் செயலாளர் தன் நாமினேஷன் தாளோடு வந்தார்.

"போடுங்கண்ணே. ராசியான கை."

"நானும் நிக்கிறேன் தம்பி. நீ எனக்குப் போடேன்."

"நிக்கிறவன் போடக்கூடாதே, விதியாச்சே. நீங்களும் நின்னுட்டா எனக்கு யாருண்ணே போடுவா? வெளையாடாதீங்க."

விதியை டைப் அடித்ததே அவர்தான்.

"கை வலிக்குதுப்பா" என்று ஜன்னலைச் சாத்தினார்.

ஐந்து மணிக்குத் தன் தாளை, ஒரு கோடு காலியாகவே, பெட்டியில் போட்டார். செயலாளருக்கு அதற்குள் வேறு கை கிடைத்துவிட்டதாகக் கேள்வி.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் பட்டியல். தள்ளுபடி ஒன்று. வேட்பாளர் என்ற கட்டத்தில், இனிஷியலோடு, அவர் பெயர் முழுசாக இருந்தது. பின்வரிசையில் டிபன் டப்பாவோடு நின்று இரண்டு தடவை படித்தார்.

முன்னால் நின்ற வெல்டர் அதன்மேல் விரல் வைத்தான்.

"யாருப்பா இது, புது ஆளா? ஒரு கையெழுத்துல போச்சே! நம்ம வழிமொழி அண்ணன்கிட்ட போயிருந்தா கண்ண மூடிட்டுப் போட்டிருப்பாரு." திரும்பியவன் அவரைப் பார்த்தான். "என்னண்ணே, உங்ககிட்ட வரலையா இவன்?"

"வந்தான்ப்பா" என்றார் அவர். "என்னாலதான் போட முடியல."