எண்ணெய் காணாத கல்

தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. ரோட்டோரம் இடுப்பு உயரத்துக்கு ஒரு நடுகல். கையில் கத்தியோடு ஒரு ஆள், காலடியில் நாலு மாடு. மாடு ஓட்டிப்போக வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவன். எங்களுக்கு அவன் வேடியப்பன். மாடு கன்று போட்டால் முதல் வெண்ணெயை அவன் மேல் தடவாமல் வீட்டில் யாரும் மோர் குடிக்க மாட்டோம். மாட்டை விற்ற பிறகு, என் தலைக்கு வைக்கும் எண்ணெயில் அவனுக்கும் கொஞ்சம்.

நிலத்தை ஒரு குடோன்காரர் வாடகைக்குக் கேட்டார். சுவர் வரும் இடத்தில் கல் நின்றது.

“மியூசியத்துல குடுத்துட்டா பத்திரமா வெச்சுப்பாங்கம்மா” என்று மகன் தினமும் சொன்னான். எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் தலையும் ஆட்டவில்லை. எப்படிப் பத்திரமாக வைப்பார்கள் என்று காட்ட, என்னையும் மருமகளையும் ஓசூரில் டூர் பஸ் ஏற்றி, தானும் கூட வந்தான்.

கர்நாடகாவில் ஹாசன் பக்கம் ஒரு பேர்போன பழைய கோயில். கைடு மடக்கிய குடையைத் தூக்கினால் ஓட வேண்டும், இறக்கினால் நிற்க வேண்டும். ஆடுகூட இவ்வளவு சொன்ன பேச்சு கேட்காது. எந்தச் சிலையைக் காட்டினாலும் “ஒரே கல்லு சார், ஒரே கல்லு” என்றார். பின்னே, நாலு கல்லை ஒட்டியா செய்வார்கள்? எல்லோரும் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். செதுக்கினவன் செய்த முகத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை.

கடைசியாக மியூசியம். மகன் முகம் மலர்ந்தது. சுவரோரம் வரிசையாக நடுகற்கள், முன்னால் கயிறு, ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர்.

“பாத்தியாம்மா? வெயிலு இல்ல, மழை இல்ல.”

மூன்றாவது கல் எங்கள் ஆள் மாதிரியே இருந்தது, காலடியில் மாடுகள் உட்பட. கைடு குடையால் அதைத் தொட்டு, “இவரு பெரிய ராஜா. புலி கூட ஃபைட் பண்ணாரு” என்றார். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். கொம்பு வைத்த புலியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கும்பல் நகர்ந்தது. ராஜாவின் முகமெல்லாம் தூசி. என் பையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டி இருந்தது. எப்போது செருப்பைக் கழற்றினேன், எப்போது கயிற்றுக்குள் கையை நீட்டினேன் என்று எனக்கே தெரியாது. நெற்றியில் வைத்து, நெஞ்சில் தடவி, மாடுகளின் முதுகுக்கு வருவதற்குள் காவல்காரர் ஓடி வந்தார்.

“அஜ்ஜி! முட்டபேடி! முட்டபேடி!” பாட்டி, தொடாதீங்க என்று கன்னடத்தில் கத்தினார்.

“ஐயோ அத்தை, மானம் போவுது!” என்றாள் மருமகள். கைடு திரும்பி வந்து, “பாட்டி, இது சாமி இல்ல, ஹிஸ்டரி” என்றார். எங்கள் பஸ் மொத்தமும் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. மகன் கைக்குட்டையை எடுத்து எண்ணெயைத் துடைக்கப் போனான். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

“தொடைக்காதடா! தினம் ஒரு சொட்டு எண்ணெ வெக்க உடுவாங்களா, அவரைக் கேளு.”

அவன் கேட்கவில்லை. நானே காவல்காரரிடம் கன்னடத்தில் கேட்டேன். எண்ணெய் பட்டால் கல் கெட்டுவிடும் என்றார் அவர்.

“நம்ம கல்லு இத்தினி காலமா கெட்டா போச்சு?” என்றேன் மகனிடம். “நம்ம ஆளு இங்க வர மாட்டான். குடோன்காரருகிட்ட சொல்லிடு.”

திரும்பும் வழியில், ஓசூருக்கு முன்னால் அத்திப்பள்ளி தாண்டியதும் மகன், “சரிம்மா, செவுத்தக் கொஞ்சம் வளைச்சுக் கட்டச் சொல்றன்” என்றான்.

வளைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். லோடு ஏற்ற வரும் லாரிக்காரர்கள் கல்லருகே நின்று பார்க்கிறார்கள். மகன் கையை நீட்டி நீட்டிக் கதை சொல்கிறான். மாடு நாலும் காலடியில் நிற்கின்றன. அவன் கதையிலும் புலிதான் வருகிறது.