தெரியாது என்று சொல்ல ஒரு பயிற்சி

டீ கிளாஸில் கரண்டி தட்டியது. இன்ஸாஃப் பாதி வாக்கியத்தில் நின்றாள்.

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

"'அதாவது'ன்னு ஆரம்பிச்சியே, இன்ஜினியரம்மா. அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றான் தாமர்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் கணவன். லினக்ஸ் என்றால் இருமலுக்கா என்று கேட்கக்கூடியவன். கைபேசியில் இருக்கும் நேர்முகத் தேர்வுக் கேள்விகளை எழுத்துக்கூட்டி வாசிப்பான். பதில் சரியா என்று அவனுக்குத் தெரியாது; அவள் குரல் தெரியும். அதில் அளப்பு கேட்டால் கரண்டியால் கிளாஸைத் தட்டுவான்.

கருவிகளுக்குள் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஓடவைக்கும் வேலைதான் அவள் தேடுவது. சரக்கு உள்ளவள். சமையலறை மேசையில், ஃபூல் பயறுக் கிண்ணத்துக்கும் ரொட்டிக்கும் நடுவே, உள்ளங்கை அகல மின்சுற்றுப் போர்டு ஒன்று எப்போதும் கிடக்கும். மின்சாரம் கொடுத்த நொடியிலிருந்து லினக்ஸ் எழுந்து பெயர் கேட்கும் வரை என்னென்ன நடக்கிறதென்று பல் துலக்கிக்கொண்டே ஒப்பிப்பாள். எழுந்த போர்டுக்குக் காலை வணக்கமும் உண்டு.

ஆனால் கெய்ரோக்காரி. வழி கேட்டவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராது. தெரியாத தெருவுக்கும் கை நீளும். நேர்முகத் தேர்விலும் நீண்டது. இரண்டு கம்பெனிகளில், தெரியாத ஒரே ஒரு கேள்விக்குப் பத்துப் பத்து நிமிடம் பதில் சொல்லிவிட்டு, வேலை கிடைக்காமல் வெளியே வந்தாள். மூன்றாவது கம்பெனி நாளைக்கு. செட்-டாப் பாக்ஸ் பழுதுபார்த்தது போதும் என்று தான் வேலை பார்க்கும் கடையின் முதலாளியிடம் அவசரப்பட்டுச் சொல்லியாகிவிட்டது.

"சொல்லு. தெ-ரி-யா-து."

"தெரியாது... ஆனா அனேகமா—"

டிங்.

"யா அல்லா, வாய் கூசுது தாமர்!"

"கூசட்டும். உன் ஸ்டூலுக்கு உங்க முதலாளி ஆள் பார்த்தாச்சு. ஞாபகம் வெச்சுக்க."

மறுநாள் பதினோரு மணிக்கு, நேர்முகத் தேர்வில், அவளிடம் ஒரு போர்டைக் கொடுத்தார்கள். திரையில் ஓர் எழுத்தும் வரவில்லை. ஏன் என்று கேட்டார்கள். "தெரியாது. அனுப்புற ஒயரையும் வாங்குற ஒயரையும் மாத்திச் சொருகிப் பார்க்கிறேன்" என்றாள். மாற்றினாள். எழுத்துகள் ஓடின. அடுத்துக் கேட்டதற்கும் தெரியாது என்றாள், அதோடு நிறுத்திக்கொண்டாள். வாரம் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமையே வேலைக்கு வரச் சொன்னார்கள்.

அவள் வெளியே வந்தபோது வாசலில் ஒரு டாக்சி நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டி, ஏதோ ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டார். அந்தப் பெயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

"நேரா போங்க, ரெண்டாவது திருப்பம்" என்று இடது பக்கம் கை நீட்டினாள்.