தலையாட்டினால் போதாது

பாய்லர் பாடம் நடத்திய சாரை நான் கைப்பேசியில்தான் பார்த்தேன். அவர் கோலாலம்பூரில் இருந்தார். நான் பாலோ என்ற ஊர்ப் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் நீராவி பாய்லர் பார்க்கிறேன். அவருக்கு நரைத்த மீசை, மூக்கு நுனியில் கண்ணாடி. லைசென்சுக்காக வேலையை விட்டு அலைய வேண்டாம் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

தலையாட்டினால் அவருக்குப் பிடிக்காது.

"ஸ்கிரீன்ல எல்லாரும்தான் தலையாட்டுறீங்க. புரிஞ்சுதான்னு எனக்கு எப்படித் தெரியும்? வாயத் திறந்து சொல்லுங்க."

வாராவாரம் என்னைச் சொல்ல வைப்பார்: "தண்ணி கொறஞ்சா உடனே தண்ணி விடக்கூடாது. மொதல்ல நெருப்ப நிறுத்தணும்." எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஒரு நாள் வேலை நேரத்தில் வகுப்பு வந்தது.

"அண்ணே, உங்க பாய்லரக் காட்டுங்க லா," என்றார்.

காட்டினேன். தண்ணீர் அளவு காட்டும் கண்ணாடிக் குழாயில் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது.

"அந்தக் கண்ணாடிக்கு அடியில இருக்குற குழாயத் தொறந்து மூடுங்க."

செய்தேன். கண்ணாடியில் நின்ற தண்ணீர் இறங்கியது; சட்டென்று திரும்ப ஏற வேண்டியது ஏறவில்லை. பாய்லரிலிருந்து கண்ணாடிக்கு வரும் வழியில் அடைப்பு. அப்படியென்றால் உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வற்றியிருந்தால், காய்ந்து பழுத்த இரும்பில் தண்ணீர் பட்டதும் வெடிக்கும்.

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். லைன் போய்விட்டது. திறந்த வாயோடு படம் அப்படியே நின்றது.

என் கை தண்ணீர் வால்வுக்குத்தான் போனது. வாய் தானாகப் பாடத்தைச் சொன்னது. கையை இழுத்துக்கொண்டு நெருப்பை நிறுத்தினேன்.

லைன் திரும்பியதும் அவர் கேட்டது ஒரே சொல்: "நெருப்பு?"

நிறுத்திவிட்டேன் என்று தலையாட்டினேன்.

அன்று மட்டும் அவர் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

லைசென்ஸ் கிடைத்துவிட்டது. அவர் நெட்டையா குட்டையா என்றுகூட எனக்கு இன்னும் தெரியாது.