ஜிலேபியை விரட்டப் போன சத்தம்

எங்கள் வீட்டுக்கு எதிரே கண்டெய்னர் லாரிகள் எப்போதும் வரிசை கட்டி நிற்கும். திருவொற்றியூரில் இருபது வருடம் குடியிருந்ததில் ஹாரன் சத்தம் என் காதில் விழுவதே நின்றுவிட்டது. இப்படிப்பட்ட ஆளைத்தான் சத்தம் போட்டு மீன் விரட்டும் வேலைக்கு எடுத்தார்கள்.

ஒரு கல்லூரியின் ஆய்வுத் திட்டத்தில் ஒப்பந்த வேலை அது. எங்கிருந்தோ கொண்டுவந்து குளங்களில் விட்ட ஜிலேபி மீன், வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. மற்ற மீன்களின் முட்டையையும் இறால் குஞ்சையும் தின்று கொழுத்துக் கிடக்கிறது. தண்ணீருக்குள் ஒரு ஸ்பீக்கரை இறக்கிக் குறிப்பிட்ட அழுத்தத்தில் ஒலி எழுப்பினால் அது தாங்காமல் ஓடிவிடும் என்பது திட்டத்தை நடத்தும் பேராசிரியையின் நம்பிக்கை. ஓடினால் திட்டம் நீளும், என் வேலையும் நீளும். ஐம்பது வயதில் இன்னொரு வாசலில் போய் நிற்க எனக்குத் தெம்பில்லை. ஆகவே ஓடித் தொலையட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன்.

முட்டுச்சந்து மாதிரி ஒரு முனை அடைபட்ட வாய்க்காலைத் தேர்ந்தெடுத்தோம். அடைபட்ட முனையில் நெட்டுக்குப்பத்து மீனவ அண்ணன் ஒருவரின் படகு, அதிலிருந்து தொங்கும் ஸ்பீக்கர். நடுவில் படகை மறைக்கும் ஒரு வளைவு. அதற்கு இந்தப் பக்கம், திறந்த வாயில், வலையோடு நான். இடுப்பளவு சேறு. ஓடிவரும் ஜிலேபி என் வலையில் விழ வேண்டும். பேராசிரியை என் பக்கத்துக் கரையில் மடிக்கணினியோடு இருப்பார். முதல் இரண்டு நாளும் அண்ணன் ஸ்பீக்கர் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். என் முட்டி வலித்ததுதான் மிச்சம், ஒரு மீன்கூட வரவில்லை.

மூன்றாம் நாள் கயிற்றைப் படகிலேயே கட்டிவிட்டோம். ஸ்பீக்கர் ஒலித்த கொஞ்ச நேரத்தில் வலை கனத்தது. ஜிலேபி கும்பலாக வந்து மோதியது. பேராசிரியை அன்று எங்களுக்குப் பிரியாணி வாங்கித் தந்தார். அடுத்த வருடமும் சம்பளம் உண்டு என்ற நினைப்பில் நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாமான்களை ஏற்றும்போது, "மெஷின் பரவால்லயே அண்ணா" என்றேன்.

"மெஷின் மட்டுமா சார்? நானும் துடுப்பால நாலு போடு போட்டேன்ல."

"எங்க போட்டீங்க?"

"படகு ஓரத்துலதான். வலய கட்டிட்டு சும்மா குந்திகினு இருந்தா கை அரிக்குது சார். மொத ரெண்டு நாளு கயிறு புடிச்சிகினு இருந்தேன், முடியல. இன்னிக்கு கை ப்ரீயா கீது."

வலை கட்டியதும் படகைத் தட்டி மீனைக் கலைப்பது இங்கே எல்லோரும் செய்வது. சொல்லி நிறுத்த வேண்டிய விஷயம் என்று எங்களுக்கும் தோன்றவில்லை, கேட்டுச் செய்ய வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை.

மீனை ஓட்டியது ஸ்பீக்கரா துடுப்பா என்று சந்தேகம் வந்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனாலும் மறுநாள் காலை பேராசிரியையிடம் சொன்னேன். நல்லவன் என்பதால் இல்லை. பொய்யை ஞாபகம் வைத்துக்கொண்டு அடுத்த வருடம் முழுக்க ஓட்டுவது அதைவிடச் சிரமம் என்று பட்டது.

அன்று அண்ணன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். ஸ்பீக்கர் ஒலித்தது. வலையில் ஒன்றும் விழவில்லை. ஸ்பீக்கரை அணைத்துப் பார்த்தபோது சத்தத்தை அளக்கத் தண்ணீருக்குள் வைத்திருந்த ஒலிமானியின் அளவு பெரிதாக இறங்கவும் இல்லை. அனல் மின் நிலையத்துப் பம்புகளும் துறைமுகத்துக் கப்பல்களும் போடும் இரைச்சலில்தான் அந்த மீன்கள் பிறந்து வளர்கின்றன. திடீரென்று விழும் துடுப்படிக்குப் பயப்படும். ஒரே சீராகக் கேட்கும் சத்தத்துக்கு, என்னைப் போலவே, அவையும் பழகிவிட்டன.

மேலும் மூன்று நாள் பார்த்தோம். பிறகு பேராசிரியை உள்ளதை உள்ளபடி அறிக்கை எழுதினார். திட்டம் அந்த மாதத்தோடு முடிந்தது.

கடைசி நாள் பேட்டரியை ஆட்டோ வரைக்கும் அண்ணன்தான் சுமந்து வந்தார். இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"உன் வேல என்னாலதான் பூட்சா சார்? நான் தட்டாம இருந்திருக்கணுமா, உன்னாண்ட சொல்லாம இருந்திருக்கணுமா?"

"ரெண்டும் இல்லண்ணா. வுடுங்க" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஆட்டோ எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றபோது, நீங்கள் சொல்லாமலே இருந்திருக்கலாம் அண்ணா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.