சீனத்தாரும் எட்டாம் அறையும்

ஊரில் அவரைச் சீனத்தார் என்றுதான் சொன்னார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு முகவரி அட்டையிலும் அச்சடித்துக்கொண்டார். சீனாவுக்குப் போனதில்லை. சீனத்தில் முழுசாக ஒரு வாக்கியம் தெரியாது. மின்சார அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்து, மீட்டர் ஓடவில்லை என்று வந்த புகார்களின் ஓரத்தில் 'பரிசீலிக்கப்படும்' என்று எழுதி ஓய்வு பெற்றவர்.

ஐம்பத்து நான்காவது வயதில், பேருந்து இருக்கையில் யாரோ விட்டுப்போன ஒரு மொழிபெயர்ப்புப் புத்தகம் அவர் கையில் சிக்கியது. பழைய சீனக் கவிதைகள். வேலையை உதறிவிட்டு மலைக்குப் போன அதிகாரிகள், மூங்கில், மூடுபனி, தூரத்தில் ஒரு படகு. வேலையை உதற அவருக்குத் துணிச்சல் இல்லை, மூடுபனி பிடித்துவிட்டது. படித்த கையோடு ஊருக்குச் சொல்லவும் கிளம்பிவிட்டார். படிப்பதற்கும் சொல்வதற்கும் நடுவே யோசிப்பது என்று ஒரு கட்டம் மற்றவர்களுக்கு உண்டு. அவருக்கு அது தேவைப்படவில்லை.

நூலகத்தின் மாடி அறையில் சனிக்கிழமைதோறும் 'எல்லோருக்கும் சீனம்' என்று பேசினார். பன்னிரண்டு வருடம். பதினோரு பேர் வருவார்கள். அதில் மூன்று பேர் குளிர்சாதனத்துக்காக வருபவர்கள், ஒருவர் தூங்க. உயர்ந்த கழுத்துப்பட்டையும் முடிச்சுப் பொத்தானும் வைத்துக் கறுப்புச் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்தபோது தையல்காரர், "பேண்டு வாத்தியத்துக்கா சார்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் தையல்காரரை மாற்றிக்கொண்டார். தேநீரைப் பற்றி மட்டும் நாற்பது நிமிடம் பேசுவார். தண்ணீர் கொதிக்கையில் குமிழி மீன்கண் அளவுக்கு வர வேண்டும், அந்த நொடியில் இறக்க வேண்டும் என்பார். வீட்டில் அடுப்பைப் பற்றவைக்க அவருக்குத் தெரியாது.

அடுப்பு மனைவியின் வேலை. அவள் முதியோர் இல்லத்தில் தலைமைப் பராமரிப்பாளர், எல்லோருக்கும் அக்கா. கணவர் பேச்சைக் கேட்க ஒரே ஒரு முறை போனாள். அடுத்த வாரம் டியூட்டி என்றாள். அதற்கடுத்த வாரத்திலிருந்து காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாள். கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு மரியாதை போதும் என்பது அவள் எண்ணம்.

அப்படிப்பட்டவள் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை செருப்பைக் கழற்றியபடியே அவரிடம் உதவி கேட்டாள்.

"என்னங்க, நாளைக்கு என்கூட வர்றீங்களா? எட்டாம் ரூமுக்கு ஒரு சீனத்து அம்மா வந்திருக்காங்க. பக்கவாதம். இந்த ஊர் பேச்செல்லாம் நல்லா பேசினவங்களாம், எல்லாம் போயிடுச்சு. அவங்க பாஷை மட்டும்தான் வருது, அதுவும் குழறிக்கிட்டு."

"பையன் இருப்பானே?"

"கப்பல்ல இன்ஜினியர். சேர்த்துட்டு ஏறிட்டார். ஞாயித்துக்கிழமை கரை தொட்டாத்தான் போன். இங்க அந்தம்மா நாலு நாளா சரியாத் தண்ணியே குடிக்கல. மசிச்ச சாப்பாடு ரெண்டு கரண்டி இறங்குது, விழுங்குறதுல கோளாறு இல்லன்னு பரிசோதிச்சாச்சு. தண்ணி குடுத்தா வாயை இறுக்கிக்கிறாங்க. பாலும் சக்கரையும் போட்டு டீ குடுத்தா துப்புறாங்க."

"மொழிபெயர்க்கிற செயலி இருக்கே, போன்ல."

"வெச்சுப் பாத்தோம். அந்தம்மா ஏதோ சொன்னாங்க. 'பேருந்து நிரம்பிவிட்டது'ன்னு அது சொல்லுது."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் மூக்கில் குழாய் போட்டுவிடுவேன் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். குழாய் என்றால் என்ன என்று அக்காவுக்குத் தெரியும். நிதானமில்லாதவர்கள் அதைப் பிடுங்கிப் போடுவார்கள். பிடுங்காமலிருக்க இரண்டு கையையும் கட்டில் கம்பியில் துணியால் கட்டுவார்கள். ஒருமுறை கட்டிய கை மறுபடி அவிழ்ந்ததை அவள் அதிகம் பார்த்ததில்லை. அதனால்தான் வேறு வழியில்லாமல் வீட்டிலேயே இருந்த நிபுணரைக் கேட்டாள்.

நிபுணர் புதன்கிழமை கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் அவருக்குப் படபடப்பு. பன்னிரண்டு வருடமாகப் பேசிய ஒரு நாகரிகத்தை முதல்முறையாக நேரில் பார்க்கப் போகிறார். அது ஜன்னலோரக் கட்டிலில், வெள்ளைத் தலைமுடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு, உதடு வெடித்துப் படுத்திருந்தது. மேசையில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த தண்ணீர்க் கூஜா வியர்த்துக்கொண்டிருந்தது. வெயில் காலம், இல்லத்தில் எல்லோருக்கும் அதுதான்.

அவர் கைகளைக் கூப்பிக் குனிந்தார். அந்தம்மா பார்த்தார். அவர் ஒரு கவிதையை எடுத்து, மொழிபெயர்ப்பில்தான், ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். அந்தம்மா தொண்டையைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். அவர் மேடையில் தலையாட்டுவதைப் போலத் தலையாட்டினார். அந்தம்மா மறுபடி சொன்னார். மறுபடி தலையாட்டினார். கடைசியில் அந்தம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடித்தது யோகம் என்று அவருக்குத் தோன்றியது. முகம் திருப்பல், மௌனம், நீரை மறுத்தல். மலைவாசிகளான முனிவர்கள் முதுமையில் தானியத்தை விட்டுக் காற்றையும் பனியையும் உண்டு லேசாவார்கள் என்று எங்கேயோ படித்திருந்தார். எழுபத்தெட்டு வயது வரை சலவைக்கடை நடத்திய ஒரு பெண்மணி திடீரென்று முனிவராவதற்கு என்ன அவசரம் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. தூரிகைப் பேனாவால் ஒரு அட்டையில், 'மௌனத்தை மதிப்போம், வற்புறுத்த வேண்டாம்' என்று எழுதிக் கதவில் ஒட்டினார். அந்த அறைக்குப் பொறுப்பான சின்னப் பெண் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அக்கா வீட்டுக்காரர், படித்தவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் நம்பினாள்.

அக்காவுக்கு அன்று மதியத்திலிருந்து வேறு கட்டடத்தில் வேலை. வியாழக்கிழமை சாயங்காலம்தான் எட்டாம் அறைக் குறிப்பேட்டைப் புரட்டினாள். ஒன்றரை நாளில் நூற்றிருபது மில்லி. சிறுநீர் ஒரே தடவை, அதுவும் காப்பி நிறம்.

"என்னடி இது?"

"சார்தான்க்கா சொன்னாங்க. கட்டாயப்படுத்தினா அவங்க தவம் கலைஞ்சிடுமாம்."

அக்கா அட்டையைக் கிழித்தாள். அந்தம்மாவின் கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தாள். தோல் கிள்ளியபடியே நின்றது. ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்துவிட்டு, கரண்டி கரண்டியாக முயன்று, அரைக் கோப்பைகூட இறங்காமல் வீட்டுக்கு வந்தாள்.

"தவமா?" என்றாள், வாசலிலேயே.

"நீ அதை நோயாப் பாக்கிற. அவங்க மரபுல அதுக்கு வேற அர்த்தம்."

"அவங்க மரபுல நாக்கு காஞ்சா வெடிக்காதா? சாவுக்குப் பேரு வெச்சுட்டு வந்திருக்கீங்க."

"என்கிட்ட உதவி கேட்டது நீதானே?"

"கேட்டேன். அது என் புத்திக்கோளாறு."

வெள்ளிக்கிழமை காலை அவரும் கூடவே கிளம்பினார். சனிக்கிழமைப் பேச்சுக்கு 'இறுதி மௌனம்' என்று தலைப்பு வைத்திருந்தார், குறிப்பெடுக்க வேண்டியிருந்தது. அக்காவுக்குச் சண்டை போட நேரமில்லை. "வந்தா சும்மா நிக்காதீங்க, துண்டைப் புழிஞ்சு குடுங்க," என்றாள்.

எட்டரை மணிக்கு முகம் துடைக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். அன்று குழாய் போடும் நாள் என்பதால் எல்லாம் கொதிக்கவைத்துச் சற்றே ஆறவைத்தது. சின்னக் கிண்ணத்தில் ஆவி லேசாகப் பறந்தது. சோப்பு இன்னும் போடவில்லை. சீனத்தார் துண்டை நனைத்துப் பிழிந்து நீட்டினார். பிழியத் தெரியாததால் பாதித் தண்ணீர் போர்வையில் கொட்டியது. அக்கா அந்தம்மாவின் நல்ல கையைக் கிண்ணத்தில் வைத்து விரல்களைக் கழுவினாள்.

அந்தக் கை தண்ணீருக்குள் ஒரு நிமிடம் அசையாமல் இருந்தது. பிறகு உள்ளங்கையைக் குவித்து, தூக்கி, வாயில் வைத்து உறிஞ்சியது. மறுபடி குவித்தது.

"ஏம்மா, கழுவுற தண்ணியக் குடிக்கிறாங்க, தடு," என்றார் சீனத்தார்.

அக்கா தடுக்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தாள், மேசையில் வியர்க்கும் கூஜாவைப் பார்த்தாள், எழுந்து வேகமாகப் போனாள். ஒரு டம்ளர் வெந்நீரோடு வந்தாள். சும்மா வெந்நீர், ஒன்றும் போடாதது. புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள். தலையணையை உயர்த்தி, தாடையைச் சற்றே தாழ்த்திப் பிடித்துக் கொடுத்தாள். அந்தம்மா ஊதி ஊதி, மிடறு மிடறாக, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். டம்ளரைத் திருப்பிக் காட்டினார். இன்னொன்று வந்தது. அதுவும் போனது.

பத்து மணிக்குக் குழாய்ப் பொட்டலத்தோடு மருத்துவர் வந்தபோது மூன்றாவது டம்ளர் நடந்துகொண்டிருந்தது. குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். பொட்டலத்தைப் பிரிக்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "இதையே ஓட்டுங்க," என்று போய்விட்டார்.

அப்போதுதான் சீனத்தார் வாயைத் திறந்தார்.

"ஆமா, அவங்க வெந்நீர்தான் குடிப்பாங்க. கோடையிலயும். பச்சைத் தண்ணி வயித்துக்கு ஆகாதுன்னு ஒரு நம்பிக்கை. ரயில்ல, ஆபீஸ்ல, எங்க போனாலும் வெந்நீர் வெச்சிருப்பாங்க."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"படிச்சிருக்கேன். ஒரு பயணக் கட்டுரையில."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

அவர் உண்மையாகவே யோசித்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கேள்வி அவருக்குப் புதிது. "அது இலக்கியத்துல வராதும்மா," என்றார். "சாதாரண ஜனங்க பழக்கம். அதைப் போய் நான் எப்படி..."

"மீன்கண்ணு வருமில்ல இலக்கியத்துல? அதை இறக்கி ஒரு வாய் குடுத்திருக்கலாம்."

சின்னப் பெண் சிரிப்பை அடக்க ஜன்னலைத் துடைத்தாள். அக்கா சிரிக்கவில்லை. "இனிமே இந்த ரூமுக்கு வர்றதா இருந்தா ஒரே ஒரு வார்த்தை படிச்சிட்டு வாங்க. வலிக்குதான்னு சீனத்துல எப்படிக் கேக்குறது. அது தெரிஞ்சா உள்ள வாங்க. இல்லன்னா அந்த வராந்தாவோட நில்லுங்க."

"உச்சரிப்பு கஷ்டம்மா அதுல. ஒரே ஒலி, சுரம் மாறினா அர்த்தம் மாறிடும். இந்த வயசுல..."

"அந்தம்மாவுக்கு எழுபத்தெட்டு," என்று சொல்லி அக்கா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அவர் வீட்டுக்குப் போய் 'இறுதி மௌனம்' என்ற தலைப்பைக் கோடிட்டு அடித்தார். சனிக்கிழமை நூலக மாடியில், 'வெந்நீர்: ஒரு நாகரிகத்தின் ஆன்மா' என்று ஒரு மணி நேரம் பேசினார். ஒரு மூதாட்டியின் உயிரைக் காப்பாற்றக் கிடைத்த பேறு என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். பதினோரு பேரும் கைதட்டினார்கள். தூங்குகிறவர்கூட எழுந்து தட்டினார். பன்னிரண்டு வருடத்தில் அதுதான் நல்ல கூட்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். வார்த்தை படிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் ஓவியம் பேச வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கப்பல் கரை தொட்டது. மகனிடம் நலம் சொல்லி முடித்து, அக்கா அந்த ஒரு வார்த்தையைக் கேட்டாள். அவன் மூன்று முறை நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அவள் தமிழ் எழுத்தில் மணிக்கட்டுக்கு உள்பக்கம் பேனாவால் எழுதிக்கொண்டாள். எட்டாம் அறைக்குப் போய், குனிந்து, எழுத்துக்கூட்டிப் படிப்பவளைப் போலக் கேட்டாள்.

அந்தம்மா அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு நல்ல கையை மெதுவாகக் குறுக்கே கொண்டுபோய் வலது தோளில் வைத்தார். அக்கா சட்டையை விலக்கினாள். மூட்டு வீங்கி, தொட்டால் கொதித்தது. அவரை எழுப்பி உட்கார வைக்கும்போதெல்லாம் சின்னப் பெண் அந்த அக்குளுக்குள் கைகொடுத்துத்தான் ஒரு வாரமாகத் தூக்கியிருந்தாள்.