கடைசி ஆளுக்குப் பின்னால் வந்த ஓட்டோ

நாற்பத்தொரு வயதில் எனக்குச் சீனி வருத்தம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். நடக்கச் சொன்னார்கள். நாவற்குடாவில் எங்கள் வீட்டிலிருந்து வாவிக்கரை கூப்பிடு தூரம். காலையில் அங்கே நடந்துவிட்டு வந்து, குளித்து, மருந்துக் கடைக்கு வேலைக்குப் போவேன். சில மாதங்களில் நடை போதவில்லை, ஓடத் தொடங்கினேன். கலியாணம் முடிக்காத பெண்ணொருத்தி காற்சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு ஓடுவதை வேலிப் படலைகளில் நின்று பார்த்தார்கள். பிறகு பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டார்கள்.

அம்மாவும் நானும்தான் வீட்டில். தம்பி கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டோடு போய்விட்டான். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையையும் தாண்டிப் போக வேண்டிய ஊர். ஓட்டோ ஓட்டினான். ஆனால் அவனை ஊருக்குத் தெரிந்தது குரலால். திருவிழா, கலியாணம், விளையாட்டுப் போட்டி எதுவென்றாலும் மைக் அவன் கையில்தான். ஆட்களைச் சிரிக்க வைப்பதில் அவனை மிஞ்ச அந்தப் பக்கம் ஆள் இல்லை. கலியாணமாகிச் சில வருடங்கள் போயும் அவனுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. என்னைப் பற்றி எல்லோரும் வாய் திறந்தார்கள்.

சித்திரை வருடப் பிறப்புக்கு அந்த ஊர்க் கழகம் மரதன் ஓட்டம் வைக்கும். போன வருடம்தான் முதல் முறையாகப் பெண்களுக்கும் வைத்தார்கள். மச்சாள், அதாவது தம்பியின் மனைவி, எனக்குப் போன் எடுத்தாள்.

“மச்சாள், நீங்க ஓடுறீங்கதானே. இஞ்ச பேர் குடுக்க பொம்புளயள் வெக்கப்படுறாளுகள். நீங்க வந்தா இன்னும் நாலு பேர் வருவாளுகள்.”

போனேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் தொடங்கி, வட்டை என்கிற வயல்வெளிக்கு நடுவே போகும் றோட்டால் குளக்கட்டில் ஏறி, அதற்கப்பால் பாறைக் குன்றைச் சுற்றி ஏறும் பாதையால் மலைக்கோயில் வரை போய், மறுபக்கம் இறங்கி மைதானத்துக்கு வர வேண்டும். எங்கள் பக்கத்தில் மேடு என்றால் அந்தக் குன்றுகள்தான். வாவிக்கரையில் நான் ஓடியதெல்லாம் சமதரை.

வந்தவர்களில் அதிகம் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். குளக்கட்டுக்குப் போவதற்கு முன்பே எல்லோரும் என்னைத் தாண்டிவிட்டார்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு வாகனம் வர வேண்டும் என்பது ஒழுங்கு. மயங்கி விழுந்தால் ஏற்றுவதற்கு. வந்தது தம்பியின் ஓட்டோ. அவனுடைய கூட்டாளி ஒருவன் ஓட்ட, மேலே இரண்டு ஸ்பீக்கர் பெட்டி கட்டியிருக்க, பின் சீட்டில் மைக்கோடு அவன் இருந்தான்.

முதலில் நல்லதாகத்தான் சொன்னான். “நாவற்குடாவில இரிந்து வந்து ஓடுற எங்கட அக்காவுக்கு ஒரு கைதட்டல்.” தட்டினார்கள். தட்டல் அவனுக்குப் போதவில்லை.

“அக்கா மாப்பிள்ள தேடி ஓடத் தொடங்கி இருவது வருசம். இன்னும் ஆள் அம்பிடல்ல.”

வேலியோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்புக் கேட்டதும் அவன் குரல் ஏறியது.

“தம்பிமாரே, படலயப் பூட்டுங்க. அக்கா வாறா.”

நான் ஓட்டத்தை நிறுத்தித் திரும்பினேன். “நிப்பாட்டுடா,” என்றேன்.

அவன் மைக்கை வாயருகே கொண்டுபோனான். “அக்கா என்ன சொல்றா தெரியுமா? மாப்பிள்ளைக்குப் பல்லு இல்லாட்டியும் பரவாயில்லயாம்.”

வயது போன ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு றோட்டுக்கு இறங்கி, எனக்கு முன்னால் கொஞ்சத் தூரம் ஓடிக் காட்டினார். ஊரே விழுந்து சிரித்தது. நான் அந்த மனிசனைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். றோட்டை விட்டு வயலுக்குள் இறங்கியிருக்கலாம். இறங்கினால் அதையும் சொல்வான். குளக்கட்டு முழுக்க அப்படியே போனது. ஒரு பக்கம் தாமரை, மறுபக்கம் யாலப் போக விதைப்புக்கு உழுது போட்ட வயல், நடுவில் என் முதுகுக்குப் பின்னால் என் சொந்தத் தம்பியின் குரல்.

குன்றின் அடிவாரத்தில் ஓட்டோ நின்றுவிட்டது. பெட்டிகளின் பாரத்தோடு ஏற முடியவில்லை. அவர்கள் கீழ் றோட்டால் மைதானத்துக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு என் மூச்சு மட்டும் கேட்டது. பாறைச் சூடு சப்பாத்துக்குள் ஏறியது. மேலே போகப் போக வயல், குளம், தூரத்தில் கோடு போல வாவி, எல்லாம் தெரிந்தன. அழகான இடம்தான். அதைப் பார்த்து நிற்க எனக்கு மனம் இருக்கவில்லை.

கோயிலைத் தாண்டி இறங்கும் இடத்தில் ஒரு மதகில் ஒரு பிள்ளை குந்தியிருந்தாள். வந்தாறுமூலைக் கம்பசில் படிக்கிறவள் என்று தொடங்கும்போதே சொல்லியிருந்தாள்.

“கெண்டக்கால் இழுத்துப் பிடிச்சிட்டு அக்கா. என்ன விட்டுட்டுப் போகாதீங்க. அந்த ஆள் என்னையும் மைக்கில சொல்லுவார்.”

நான் அவளைத் தாண்டிப் போயிருந்தால் நான் கடைசி இல்லை. நான் குந்தி அவள் காலை மடியில் வைத்து உருவிவிட்டேன். கால் இளகும் வரைக்கும் அவள் அழுதாள்.

“ரெண்டு பேரும் ஒண்டாப் போவம். ஒண்டாக் கோட்டத் தாண்டினா ஆரும் கடைசி இல்ல,” என்றேன்.

“சத்தியமா அக்கா,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மலையிறக்கம் முழுக்க அந்தக் கையைப் பிடித்தபடியே வந்தோம். மைதானம் தெரிந்தது. ஸ்பீக்கர் கேட்டது. “அந்தா வருது, ரெண்டு பேர் வருது, ஆர் கடைசி எண்டு பாப்பம்.” அவள் கையை உதறிவிட்டு ஓடினாள். நொண்டவேயில்லை. கோட்டைத் தாண்டியபோது கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பரிசளிப்பில் முதல் மூன்று பேருக்கும் கொடுத்த பிறகு என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். கடைசியாக வந்தவருக்கு விசேட பரிசாம். வண்ணத் தாளில் சுற்றியிருந்தது. அங்கேயே பிரிக்கச் சொன்னான் தம்பி. பிரித்தேன். குழந்தைக்குப் பால் கொடுக்கிற சூப்பிப் போத்தில்.

“காலத்தோட கலியாணம் முடிச்சிரிந்தா இது அக்காவுக்கு எப்பவோ தேவப்பட்டிருக்கும்,” என்றான் மைக்கில்.

சனம் சிரித்து முடிவதற்குள் பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். “அத நீ கொண்டு போ மச்சான். உன்ட வீட்டிலயும் தேவதானே.”

இன்னொருவன், “எப்ப தேவப்படும் எண்டு மைக்கில சொல்லு,” என்றான்.

அப்போது எழுந்த சிரிப்புக்கு முன்னால் எனக்குக் கிடைத்த சிரிப்பு ஒன்றுமில்லை. ஆண்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தம்பி மைக்கை வாயிலிருந்து எடுக்க மறந்துபோனான். அவன் மூச்சு விடும் சத்தம் இரண்டு பெட்டியாலும் ஊர் முழுக்கக் கேட்டது.

மச்சாள் தண்ணீர்ப் பந்தலில் ஓடியவர்களுக்குச் சர்பத் கொடுத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, சனத்துக்கு நடுவால் நடந்து வெளியே போனாள். அவளுக்கு வழி விட்டார்கள். அப்போதும் சிரித்தார்கள்.

எனக்குத் தம்பி மேல் இரக்கம் வரவில்லை. அந்த நேரத்தில் மச்சாளை நினைக்கவும் தோன்றவில்லை. எங்காவது குந்தினால் போதும் என்று இருந்தது.

பெருநாளென்று பஸ் ஓடாததால் அவன்தான் என்னைக் கொண்டுவந்து விட்டான். மண்முனைப் பாலம் வரைக்கும் வேகமாக ஓட்டினான். பாலத்தில் ஏறியதும் கேட்டான்.

“நீ ஏன் வந்தனீ?”

“உன்ட பொஞ்சாதிதான் கூப்பிட்டவ.”

“கூப்பிட்டா வாறதா? இந்த வயசில உனக்கென்ன ஓட்டம்?”

அடுத்த நாள் காலையில் உடுப்புப் பையோடும் அந்த இரண்டு பெட்டிகளோடும் எங்கள் வாசலில் வந்து நின்றான். மச்சாள் படலையைப் பூட்டிவிட்டாளாம். வீடும் வளவும் அவளுடைய சீதனம். அவனால் ஒன்றும் சொல்ல முடியாது. அம்மா அவனை உள்ளே கூட்டிப் போய்ச் சோறு போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

“உன்ட ஓட்டத்தால ஒரு குடும்பம் றோட்டுக்கு வந்திட்டு. இப்ப ஆறிட்டா உனக்கு?”

“மைக்கில சொன்னது அவன் அம்மா.”

“அவன் பகிடிக்குச் சொன்னான். உனக்கு ஒரு பகிடி தாங்க ஏலாதா?”

யாரோ அந்தப் பரிசளிப்பைப் போனில் எடுத்துப் பாட்டும் சேர்த்து இணையத்தில் போட்டிருந்தார்கள். மருந்து வாங்க வந்த ஒரு பெண் என் முகத்தை உற்றுப் பார்த்து, “அந்தப் போத்தில் வாங்கினது நீங்கதானே?” என்று கேட்டாள். ஓம் என்று சொல்லி மாத்திரைகளை எண்ணிக் கொடுத்தேன். தம்பி முன்னறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தான். நான் காலையில் சப்பாத்துப் போடும்போது மட்டும் தலையைத் தூக்கி, “போறா, போறா,” என்பான்.

ஒரு கிழமை பொறுத்து மச்சாளுக்குப் போன் எடுத்தேன். நான் என்ன பிழை செய்தேன் என்று தெரியாவிட்டாலும், அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் போல் இருந்தது.

“மச்சாள், அவன் செஞ்சது சரியெண்டு நான் சொல்லல்ல. உங்களுக்கு அதால...”

“எனக்கு ஒண்டும் சொல்ல வேணாம் மச்சாள்,” என்றாள். குரலில் கோபம் இல்லை. “அவர் உங்கள மைக்கில சொல்லேக்க நான் வீட்ட நிண்டு கேட்டன். சர்பத்துக்கு எலுமிச்சங்காய் வெட்டிக்கொண்டு நிண்டனான். நல்லாச் சிரிச்சனான். அதயும் தெரிஞ்சு வெச்சிருங்க.”

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

ஆடி பிறந்த பிறகு அவள் ஆள் விட்டுச் சொல்லி அனுப்ப, அவன் போனான். போகும்போது என்னிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் மைக் பிடித்ததாக நான் கேள்விப்படவில்லை.

இந்த வருடம் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானே போய்ப் பேர் கொடுத்தேன். வேறு ஒருவன் மைக் பிடித்தான், சுருக்கமாகப் பேசினான். மேட்டில் இரண்டு பேரைத் தாண்டினேன். முடிவில் என் பின்னால் நாலு பேர் வந்தார்கள். நான் நின்று அவர்களைப் பார்க்கவில்லை. ஓட்டம் போகும் வழியில் தம்பியின் வீட்டைத் தாண்டித்தான் ஓட வேண்டும். எல்லாப் படலையிலும் சனம் நின்றது. அவர்களுடையது மட்டும் பூட்டிக் கிடந்தது. உள்ளே ஆள் இருந்தது. அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது.